கேபிளா, டிஎஸ்எல்லா? ஜெர்மனியில் வீட்டு இணையம் எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜெர்மனியில் வீடு கிடைத்ததும் அடுத்து வரும் கேள்வி இன்டர்நெட். தெரிந்தவர்களிடம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "கேபிள் எடுங்க, ஆயிரம் எம்பிபிஎஸ் வரும்" என்பார் ஒருவர். "ஐயோ, கேபிளா? சாயங்காலம் ஆனா படுத்துடும்" என்பார் இன்னொருவர். "டிஎஸ்எல் எல்லாம் லேண்ட்லைன் காலத்துப் பழசு" என்பார் மூன்றாமவர். மூன்று பேருமே தங்கள் வீட்டில் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் நடப்பது உங்கள் வீட்டிலும் நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அதே நிறுவனம், அதே திட்டம், அதே மாதக் கட்டணம் என்றாலும் இரண்டு தெரு தள்ளிப் போனால் அனுபவம் முற்றிலும் மாறிவிடும்.

காரணம் எளியது. கேபிள் என்பது டிவி கம்பி வழியாக வரும் இணையம், டிஎஸ்எல் என்பது தொலைபேசிக் கம்பி வழியாக வருவது. இந்த இரண்டு கம்பிகளும் வெவ்வேறு காரணங்களால் வேகத்தை இழக்கின்றன. டிஎஸ்எல்லுக்கு எதிரி தூரம். கேபிளுக்கு எதிரி ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கூட்டம். இதைப் புரிந்துகொண்டால் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். ஜெர்மனியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், கேபிளா டிஎஸ்எல்லா என்ற கேள்வி இங்கே இன்னும் உயிரோடு இருப்பதுதான். பல நாடுகளில் டிஎஸ்எல் மெல்ல மறைந்துவிட்டது. இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு இன்றும் அதுதான்.

முதலில் அந்த எண்

விளம்பரத்தில் 50, 100, 250, 1000 என்று போட்டிருப்பார்கள். அது ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் (எம்பிபிஎஸ்) என்ற கணக்கு. கம்ப்யூட்டரில் ஒரு கோப்பின் அளவைப் பார்க்கும்போது வருவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் ஒரு கோப்பு நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் வேகத்தில் இறங்கும். "நூறு வாங்கினேன், பன்னிரண்டுதான் வருது, ஏமாத்திட்டாங்க" என்று புலம்புபவர்களில் பலருக்கு இணைப்பில் ஒரு கோளாறும் இருக்காது.

இன்னொன்று. எல்லாத் திட்டத்திலும் இரண்டு எண்கள் உண்டு. இணையத்திலிருந்து உங்களுக்கு வருவது டவுன்லோடு. உங்களிடமிருந்து வெளியே போவது அப்லோடு. பெரிய எழுத்தில் இருப்பது டவுன்லோடு மட்டும். அப்லோடு எங்கோ கீழே சிறிய எழுத்தில் இருக்கும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கும், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவோடு தினமும் வீடியோவில் பேசுகிறவர்களுக்கும் அந்தச் சிறிய எழுத்துதான் முக்கியம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு கம்பிகள் வந்த கதை

இந்த இரண்டில் எதுவுமே இணையத்துக்காகப் போடப்பட்ட கம்பி அல்ல. ஒன்று தொலைபேசிக்காக, இன்னொன்று டிவிக்காக. ஜெர்மனியில் இரண்டையுமே போட்டது அரசின் அஞ்சல் துறை. தொலைபேசிக் கம்பி பெரும்பாலான வீடுகளுக்கு முன்பே இருந்தது. 1980களில் டிவி நிகழ்ச்சிகளை வீட்டுக்கு வீடு கொண்டுபோகக் கேபிள் வலையமைப்பை விரித்தார்கள். பிறகு அஞ்சல் துறையின் தொலைத்தொடர்புப் பகுதி டெலிகோம் என்ற நிறுவனமானபோது இரண்டு வலையமைப்பும் அதன் கையில் இருந்தன.

1999இல் டெலிகோம் டிஎஸ்எல் சேவையைத் தொடங்கியது. அப்போதைய வேகம் நொடிக்கு 768 கிலோபிட், அதாவது ஒரு மெகாபிட் கூட இல்லை. சந்தையில் போட்டி வரவேண்டும் என்ற அழுத்தத்தால் 2000க்கும் 2003க்கும் இடையில் கேபிள் வலையமைப்பை அது பகுதி பகுதியாக விற்றது. அப்படி விற்கப்பட்டவற்றின் பெரும்பகுதி கைமாறிக் கைமாறிக் கடைசியில் வோடஃபோனிடம் வந்து சேர்ந்தது. 2013இல் காபெல் டாய்ச்லாண்டு நிறுவனத்தையும் 2019இல் யூனிட்டிமீடியாவையும் அது வாங்கியது.

இந்தக் கதையைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வோடஃபோன் இன்று கேபிளும் விற்கிறது, டெலிகோமின் தொலைபேசிக் கம்பியை வாடகைக்கு எடுத்து டிஎஸ்எல்லும் விற்கிறது. ஓ2 என்ற நிறுவனமும் இரண்டையும் விற்கிறது. ஆகவே "நான் வோடஃபோன் வைத்திருக்கிறேன், நன்றாக இருக்கிறது" என்று நண்பர் சொன்னால் அதில் உங்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்றும் இல்லை. எந்தக் கம்பியில் என்று கேளுங்கள்.

டிஎஸ்எல்: தூரம் தின்னும் வேகம்

ஊரில் கோயில் திருவிழா நடக்கிறது. நீங்கள் இரண்டு கிலோமீட்டர் தள்ளி வீட்டுத் திண்ணையில் இருக்கிறீர்கள். தவிலின் தொம் தொம் காதில் விழும். அதே மேளத்தோடு ஒருவர் தட்டும் தாளத்தின் கிணிங் ஒலி விழாது. கோயிலை நெருங்க நெருங்கத்தான் தாளம் கேட்கும், நாதஸ்வரத்தின் நுணுக்கங்களும் பிடிபடும். தூரம் கூடும்போது ஒலி முழுவதும் ஒரே அளவில் குறைவதில்லை. கீச்சென்ற உச்ச ஒலிகள் முதலில் மறையும், கனத்த ஒலிகள் கடைசிவரை வரும்.

தொலைபேசிக் கம்பியிலும் இதுவே நடக்கிறது. அது முறுக்கிய இரண்டு மெல்லிய செப்புக் கம்பிகள். அதில் போகும் மின் அலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை அதிர்வெண் என்கிறோம். மனிதக் குரலுக்கு நாலாயிரம் வரை போதும். அதற்கு மேலே இருக்கும் அதிர்வெண்கள் எல்லாம் பல பத்தாண்டுகளாகச் சும்மா கிடந்தன. அந்தக் காலி இடத்தில் இணையத் தரவை அனுப்புவதுதான் டிஎஸ்எல். ஊரில் பிஎஸ்என்எல் லேண்ட்லைனில் பிராட்பேண்ட் வைத்திருந்தவர்கள், போன் பேசிக்கொண்டே நெட் பார்த்தது இதனால்தான். போனுக்கு முன்னால் மாட்டிய சிறிய டப்பா, பேச்சையும் தரவையும் பிரித்து விட்டது.

டிஎஸ்எல் மோடம் அந்த அதிர்வெண் பரப்பை நூற்றுக்கணக்கான, சில வகைகளில் ஆயிரக்கணக்கான, சிறு சிறு கீற்றுகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஆன் செய்ததும் ஒவ்வொரு கீற்றிலும் சோதித்துப் பார்க்கும். இதில் சத்தம் குறைவு, நிறைய பிட் அனுப்பலாம். அதில் இரைச்சல் அதிகம், கொஞ்சம்தான் அனுப்பலாம். இன்னொன்றில் எதுவுமே மறுமுனைக்குப் போய்ச் சேரவில்லை, விட்டுவிடலாம். இப்படிக் கணக்குப் போட்டு முடித்துத்தான் விளக்கு சிமிட்டுவதை நிறுத்துகிறது. அந்த இரண்டு மூன்று நிமிடக் காத்திருப்பு இதற்காகத்தான். நீண்ட கம்பியில் உயர் அதிர்வெண் கீற்றுகள் செத்துப்போகும், மிச்சமிருப்பவற்றின் கூட்டுத்தொகைதான் உங்கள் வேகம்.

வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் இன்னும் உயர்ந்த அதிர்வெண்களைப் பயன்படுத்த வேண்டும். பழைய 16 மெகாபிட் திட்டங்கள் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போயின. மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்குப் பத்து லட்சம் அதிர்வு. 50, 100 மெகாபிட் தரும் விடிஎஸ்எல் வகை 17 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. 250 தரும் வகை 35 வரை. உயரே போகப் போக, கம்பி குட்டையாக இருந்தால்தான் பலன். அதனால்தான் ஜெர்மனியின் தெருவோரங்களில் சாம்பல் நிறப் பெட்டிகளைப் பார்க்கிறீர்கள். முன்பு செப்புக் கம்பி கிலோமீட்டர் கணக்கில் தொலைபேசி நிலையம் வரை போனது. இப்போது அந்தப் பெட்டி வரை கண்ணாடி இழை (ஃபைபர்) வந்துவிட்டது. பெட்டியிலிருந்து உங்கள் வீட்டுக்கு மட்டும்தான் பழைய செப்பு. பெட்டிக்கு முன்னூறு மீட்டருக்குள் இருப்பவருக்கு 250 கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஐந்நூறு மீட்டர் வாக்கில் 100ஐ எதிர்பார்க்கலாம். ஒரு கிலோமீட்டர் தாண்டினால் 50க்கே இழுபறி. இவை தோராயக் கணக்குதான். நேர்கோட்டுத் தூரத்தை விட மண்ணுக்குள் கம்பி சுற்றிவரும் வழி நீளமாக இருக்கலாம், கட்டடத்துக்குள் இருக்கும் கம்பி அறுபது வருடப் பழசாகவும் இருக்கலாம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. உங்கள் கம்பியும் அண்டை வீடுகளின் கம்பிகளும் ஒரே தடித்த கட்டில் உரசிக்கொண்டு வருகின்றன. ஒன்றின் அலை இன்னொன்றில் கசியும். இதைச் சமாளிக்கும் நுட்பத்துக்கு வெக்டரிங் என்று பெயர். எந்தக் கம்பியிலிருந்து எதற்கு எவ்வளவு கசிகிறது என்று பெட்டி முன்கூட்டியே கணக்கிட்டு, அந்தக் கசிவை அழிக்கும் எதிர் அலையைச் சேர்த்தே அனுப்பும். இதற்குப் பெட்டியில் உள்ள எல்லாக் கம்பிகளும் ஒரே நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது டெலிகோம், சில ஊர்களில் உள்ளூர் நிறுவனம். 1&1, ஓ2 போன்ற மற்றவர்கள் அதே கம்பியை வாடகைக்கு எடுத்து விற்கிறார்கள். ஆகவே ஒரு டிஎஸ்எல் நிறுவனத்திடமிருந்து இன்னொரு டிஎஸ்எல் நிறுவனத்துக்கு மாறினால் கட்டணமும் வாடிக்கையாளர் சேவையும் மாறலாம். கம்பி மாறாது. கம்பியின் நீளமும் மாறாது.

சுருக்கமாக: டிஎஸ்எல் வேகத்தை முடிவு செய்வது பெட்டிக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையில் உள்ள செப்பின் நீளமும் தரமும். அது தினமும் மாறுவதில்லை. காலையில் என்ன வருகிறதோ கிட்டத்தட்ட அதுவே இரவு எட்டு மணிக்கும் வரும்.

கேபிள்: ஒரே கம்பியில் ஒரு தெரு

டிவிக்காகப் போட்ட கம்பி வேறு வகை. நடுவில் ஒரு செப்புத் தண்டு, அதைச் சுற்றிக் காப்புறை, அதைச் சுற்றி உலோகக் கவசம், வெளியே பிளாஸ்டிக். இதற்குக் கோஆக்ஸியல் கம்பி என்று பெயர். அந்தக் கவசம் அலையை உள்ளேயே அடைத்து வைப்பதால் ஏறத்தாழ ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் வரை இதில் அனுப்பலாம். டிஎஸ்எல்லின் 35ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். வழியில் அலை தளர்ந்தால் தூக்கிவிட ஆம்ப்ளிஃபையர்களும் இருக்கின்றன. அதனால் கேபிளில் உங்கள் வீடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது பெரிய விஷயமே இல்லை.

ஆனால் இந்தக் கம்பி உங்களுக்கென்று தனியாக வரவில்லை. டிவி நிகழ்ச்சி எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான், அதனால் கம்பியும் ஒன்று போதும் என்று கிளை கிளையாகப் பிரித்துக் கொண்டுபோனார்கள். இன்றும் அமைப்பு அதுவே. நிறுவனத்திலிருந்து ஒரு சந்திப்புப் பெட்டி வரை கண்ணாடி இழை. இந்தப் பெட்டியை நோடு என்பார்கள். அங்கிருந்து கிளைக்கும் கோஆக்ஸியல் கம்பியில் நூற்றுக்கணக்கான வீடுகள் தொங்குகின்றன. ஒரு நோடின் கீழ் இருக்கும் வீடுகளின் கூட்டத்தைச் செக்மென்ட் என்று சொல்வோம். உங்களுக்கு வரும் தரவு அந்தச் செக்மென்டில் உள்ள எல்லா மோடங்களையும் தொட்டுச் செல்லும், உங்கள் மோடம் மட்டும் அதை எடுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டார் படித்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம், மோடத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையில் எல்லாம் மறைகுறியாக்கப்பட்டே போகிறது.

இப்போது கணக்குப் போடுவோம். ஐரோப்பியக் கேபிளில் பரப்பு 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனல்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு சேனலில் சுமார் 50 மெகாபிட் போகும். 32 சேனல் இணையத்துக்கு ஒதுக்கினால் 1600 மெகாபிட். 2018 முதல் இங்கே வந்துள்ள புதிய தொழில்நுட்பம் இதைக் கணிசமாகக் கூட்டியது, அதனால்தான் ஒரு வீட்டுக்கு 1000 என்று விற்க முடிகிறது. சரி, கூட்டியதை இரண்டாயிரத்து ஐந்நூறு என்றே வைத்துக்கொள்வோம். செக்மென்டில் 300 வீடுகள், ஒவ்வொன்றும் 250 மெகாபிட் திட்டம் என்று கற்பனை செய்யுங்கள். விற்றது 75,000. கையில் இருப்பது 2,500.

கேட்டதும் மோசடி போலத் தோன்றும். மோசடி அல்ல. இணையம் பார்க்கும் ஒருவர் தன் முழு வேகத்தையும் பயன்படுத்துவது சில நொடிகளுக்குத்தான். எச்டி தரத்தில் படம் பார்க்க ஏறக்குறைய 5 மெகாபிட் போதும். முந்நூறு வீட்டிலும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு படம் ஓடினாலும் 1,500தான் ஆகிறது. ஆகவே செக்மென்டை நியாயமான அளவில் வைத்திருக்கும் வரை யாருக்கும் ஒன்றும் தெரியாது. அடுக்குமாடிகள் நிறைந்த, மாணவர் விடுதிகள் நெருங்கிய பகுதியில், ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு, பாதிப் பேர் 4கே பார்த்து மீதிப் பேர் நூறு ஜிகாபைட் கேம் இறக்கினால் தெரியும்.

இதற்கு மருந்தும் உண்டு. நிறுவனம் செக்மென்டை இரண்டாகப் பிரித்து இன்னொரு கண்ணாடி இழையைக் கொண்டுவரலாம். பிரித்த மறுநாளே தெரு முழுதும் பறக்கும். பிரிக்கப் பல நேரம் தோண்ட வேண்டும், தோண்ட நகராட்சியின் அனுமதி வேண்டும், அதனால் மாதங்கள் ஆகும். ஒரே ஊரில் ஒருவருக்குக் கேபிள் சொர்க்கமாகவும் இன்னொருவருக்கு நரகமாகவும் இருப்பதன் ரகசியம் இதுதான்: அவரவர் செக்மென்டின் நெரிசல்.

அப்லோடில்தான் உண்மையான வேறுபாடு

பலரும் பேசாத இடம் இது, எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுவே. டிவி கம்பி ஒருவழிப் பாதையாகக் கட்டப்பட்டது. வீட்டிலிருந்து திரும்பிப் போக எதுவும் இல்லை என்று நினைத்துப் போட்டார்கள். பின்னால் இணையம் வந்தபோது, எஃப்எம் ரேடியோவுக்கும் டிவிக்கும் கீழே மிச்சமிருந்த 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு துண்டைத் திரும்பும் பாதையாக ஒதுக்கினார்கள். அதில் நான்கைந்து சேனல், ஒவ்வொன்றிலும் சுமார் 30 மெகாபிட். மொத்தச் செக்மென்டுக்கும் நூற்றைம்பதை எட்டினால் அதிகம். புதிய தொழில்நுட்பம் இதையும் கொஞ்சம் கூட்டியிருக்கிறது, ஆனால் பெரும்பாலான இடங்களில் பாதையின் அகலம் அதேதான். 1000 மெகாபிட் கேபிள் திட்டத்தில் அப்லோடு வழக்கமாக 50 என்று இருப்பதற்குக் காரணம் நிறுவனத்தின் கஞ்சத்தனம் அல்ல, கம்பியின் வரலாறு.

100 மெகாபிட் டிஎஸ்எல் திட்டத்தில் அப்லோடு எவ்வளவு? 40. டவுன்லோடில் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கும் இரண்டு திட்டங்கள் அப்லோடில் கிட்டத்தட்டச் சமம். அதோடு டிஎஸ்எல்லின் 40 உங்கள் சொந்தக் கம்பியில் வருவது. கேபிளின் 50 தெருவோடு பங்கு போடுவது.

இதோடு முடியவில்லை. கேபிளில் இறங்கும் அலை ஓரிடத்திலிருந்து கிளம்பிப் பல வீடுகளுக்குப் பிரிகிறது. ஏறும் அலையோ பல வீடுகளிலிருந்து கிளம்பி ஓரிடத்தில் சேர்கிறது. அலை மட்டுமா சேரும்? ஒவ்வொரு வீட்டின் இரைச்சலும் சேரும். யாரோ ஒருவர் வீட்டில் டிவி கம்பியின் முனை தளர்ந்திருந்தால், மலிவான பிரிப்பான் ஒன்றை மாட்டியிருந்தால், அதன் வழியே புகும் மின் இரைச்சல் செக்மென்ட் முழுவதன் அப்லோடையும் கெடுத்துவிடும். தொழில்நுட்பர் வந்து எந்த வீடு என்று கண்டுபிடிக்கும் வரை எல்லோருக்கும் திண்டாட்டம். அறிகுறி எப்படி இருக்கும் தெரியுமா? நீங்கள் படம் பார்ப்பதில் ஒரு குறையும் இருக்காது. வீடியோ காலில் எதிரே இருப்பவர் உங்களுக்குத் தெளிவாகத் தெரிவார். அவர்தான் "உங்க குரல் விட்டு விட்டு வருது" என்பார்.

இன்னும் ஒன்று. ஒரே கம்பியில் பலர் பேசுவதால் கேபிள் மோடம் நினைத்த நேரத்தில் அனுப்பிவிட முடியாது. மறுமுனையில் இருக்கும் நிறுவனத்தின் கருவியிடம் முறை கேட்டு, அனுமதி வந்த பிறகே அனுப்ப வேண்டும். சாதாரணமாக இதற்குச் சில மில்லிநொடிகள்தான் ஆகும். மில்லிநொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நெரிசலில் இந்தக் காத்திருப்பு கூடும், குறையும், மீண்டும் கூடும். தரவு போய் வர எடுக்கும் இந்த நேரத்தைப் பிங் என்பார்கள். ஆன்லைன் கேம் ஆடுபவருக்கும் அலுவலகக் கூட்டத்தில் பேசுபவருக்கும் பிங் கொஞ்சம் அதிகமாக இருப்பது தொல்லை இல்லை. ஏறி இறங்குவதுதான் தொல்லை.

சுருக்கமாக: கேபிளின் டவுன்லோடு மிகப் பெரியது, தூரத்தால் குறையாது. ஆனால் அது தெருவின் பொதுச் சொத்து, நேரத்துக்கு நேரம் மாறும். அப்லோடில் கேபிளுக்குப் பெரிய மேன்மை இல்லை.

"டிஎஸ்எல் உங்களுக்கு மட்டும்" என்பது பாதி உண்மை

டிஎஸ்எல்லில் பகிர்வு இல்லை என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. வீட்டிலிருந்து சாம்பல் நிறப் பெட்டி வரை அது சரி. பெட்டிக்கு அப்பால் எல்லார் தரவும் ஒரே கண்ணாடி இழையில்தான் போகிறது. இணையத்தில் பகிராத இணைப்பு என்று ஒன்று கிடையாது. பகிர்வு எங்கே தொடங்குகிறது, அந்த இடத்தில் கொள்ளளவு போதுமா என்பதுதான் கேள்வி. கண்ணாடி இழையில் கொள்ளளவை ஏற்றுவது எளிது, முனைகளில் உள்ள கருவியை மாற்றினால் போதும். கோஆக்ஸியலில் அப்படி முடியாது. அதனால்தான் நடைமுறையில் டிஎஸ்எல் சீராகத் தெரிகிறது.

பழியை முதலில் வைஃபை மேல் போடுங்கள்

வேகம் வரவில்லை என்றால் ரூட்டரில் லேன் கம்பியை மாட்டி, லேப்டாப்பில் நேரடியாகச் சோதித்துப் பாருங்கள். கம்பியில் முழு வேகம் வந்து, படுக்கையறையில் வரவில்லை என்றால் குற்றவாளி வைஃபை. ஜெர்மனியின் பழைய கட்டடங்களில் சுவர்கள் தடிமன், நகரங்களில் ஒரே மாடியில் பத்து வைஃபை மோதிக்கொள்ளும். அந்த வீட்டில் 250ஐ 1000 ஆக்கினால் கட்டணம்தான் ஏறும். ரூட்டரைக் கூடத்தின் நடுவுக்கு மாற்றுவது இலவசம்.

எவ்வளவு வேகம் போதும்?

நெட்ஃபிலிக்ஸ் 4கே படத்துக்கு 15 மெகாபிட் வேண்டும் என்கிறது. நல்ல தரமான வீடியோ காலுக்கு நான்கு மெகாபிட்டுக்குள் போதும், ஆனால் அது இரு பக்கமும் வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் இரண்டு பேர் படம் பார்த்து, ஒருவர் கூட்டத்தில் இருந்து, ஒரு குழந்தை யூட்யூப் பார்த்தாலும் 50 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். 50 டிஎஸ்எல்லின் அப்லோடு குறைவு என்பதால் இரண்டு பேர் வீட்டிலிருந்து வேலை செய்தால் மட்டும் நெருக்கலாம். அப்போது 100க்குப் போகலாம். ஆயிரம் எதற்கு? பெரிய கேம்களும் பெரிய கோப்புகளும் அடிக்கடி இறக்குபவர்களுக்கு நேரம் மிச்சமாகும். மற்றவர்களுக்கு அந்த எண்ணால் அன்றாட வாழ்வில் ஒரு மாற்றமும் வராது.

அப்படியானால் எதை எடுப்பது?

வீட்டுக்குள்ளேயே கண்ணாடி இழை வருகிறது என்றால் அதை எடுங்கள், இந்தக் கேள்வியே தேவையில்லை. ஆனால் வருவது வீட்டுக்குள்ளா, தெருப் பெட்டி வரையிலா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பெட்டி வரை இழை, மிச்சம் செப்பு என்றால் மேலே சொன்ன டிஎஸ்எல் அல்லது கேபிள்தான் அது, விளம்பரம் என்ன சொன்னாலும் சரி.

உங்கள் முகவரிக்கு டிஎஸ்எல் 100 அல்லது அதற்கு மேல் கிடைக்கிறது, வீட்டிலிருந்து வேலை செய்கிறீர்கள் என்றால் என் பரிந்துரை டிஎஸ்எல். 16தான் கிடைக்கும் என்று காட்டினால் தயங்காமல் கேபிள் பக்கம் போங்கள். மாலை நெரிசலில் பாதியாகக் குறைந்தாலும் அது டிஎஸ்எல்லை விடப் பல மடங்கு. இரண்டுக்கும் நடுவில், 50 கிடைக்கும் வீடுகளில், முடிவு உங்கள் கட்டடத்தைப் பொறுத்தது. அதே படிக்கட்டில் கேபிள் வைத்திருக்கும் ஒருவரிடம் "இரவு எட்டு மணிக்கு எப்படி?" என்று கேளுங்கள். உங்கள் செக்மென்டைப் பற்றி வேறு யாரையும் விட அவருக்குத்தான் தெரியும். டிஎஸ்எல்லுக்கு அண்டை வீட்டாரைக் கேட்பதை விட நிறுவனத்தின் தளத்தில் முகவரியைப் போட்டுப் பார்ப்பதே நல்லது, ஏனென்றால் கம்பியின் நீளம் அவர்களிடம் பதிவாக இருக்கும்.

கையெழுத்துப் போடும் முன்

சுவரைப் பாருங்கள். தொலைபேசிச் சாக்கெட்டில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று குறுகிய துளைகள் இருக்கும், டிஎஸ்எல் அதில் நடுவில் மாட்டப்படும். கேபிள் சாக்கெட்டில் வட்டத் துளைகள் இரண்டு டிவிக்கும் ரேடியோவுக்கும், மூன்றாவதாகத் திருகி மாட்டும் முனை இணையத்துக்கு. அந்த மூன்றாவது இல்லாவிட்டால் தொழில்நுட்பர் வர வேண்டியிருக்கும்.

ரூட்டரை நிறுவனத்திடமிருந்தே வாடகைக்கு எடுக்கக் கட்டாயம் இல்லை. 2016 ஆகஸ்ட் 1 முதல் உங்கள் சொந்த ரூட்டரை மாட்டிக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் டிஎஸ்எல் ரூட்டர் கேபிளில் வேலை செய்யாது. ஃபிரிட்ஸ்பாக்ஸ் என்ற வகை ரூட்டரைப் பழையதாக வாங்குபவர்கள் மாதிரி எண்ணைப் பார்க்க வேண்டும்: 7590 டிஎஸ்எல்லுக்கு, 6690 கேபிளுக்கு.

கேபிள் டிவி பற்றி ஒரு குழப்பம் உண்டு. 2024 ஜூன் வரை பல வீடுகளில் கேபிள் டிவி கட்டணம் வாடகையோடு சேர்ந்தே வந்தது. ஜூலை முதல் அப்படி வசூலிக்க முடியாது. டிவி வேண்டாம் என்று விட்டவர்களும் அதே கம்பியில் இணையம் மட்டும் எடுக்கலாம்.

விளம்பரத்தில் எண்ணுக்கு முன்னால் "பிஸ் ட்ஸு" என்று இருக்கும். "வரை" என்று பொருள். 1000 வரை என்றால் 400உம் அதற்குள் அடங்கும். அதனால் சட்டப்படி அவர்கள் தர வேண்டிய ப்ரொடுக்ட் இன்ஃபர்மாட்சியோன்ஸ்பிளாட் என்ற விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் குறைந்தபட்சம், வழக்கமாகக் கிடைப்பது, அதிகபட்சம் என மூன்று வேகங்கள் டவுன்லோடுக்கும் அப்லோடுக்கும் தனித்தனியாக இருக்கும். குறைந்தபட்ச அப்லோடு எண்ணை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள்.

முதல் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது, அது முடிந்தபின் ஒரு மாத முன்னறிவிப்பில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வீடு மாறும் இடத்தில் அந்த நிறுவனத்தால் அதே சேவையைத் தர முடியாவிட்டாலும் ஒரு மாத முன்னறிவிப்பில் விலகலாம். இணையத்திலோ, போனிலோ, கதவைத் தட்டி வந்தவரிடமோ கையெழுத்திட்டிருந்தால் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலேயே ரத்து செய்ய முடியும். அந்த 14 நாட்கள் முடியும் முன்பே இணைப்பு வந்துவிட்டால், மாலை நேரங்களில் நன்றாகச் சோதித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் வழி இருக்கிறது. புன்டெஸ்நெட்ஸ்அகென்டூர் என்ற அரசு ஒழுங்குமுறை அமைப்பு பிரைட்பான்ட்மெஸ்ஸுங் என்ற இலவசச் செயலியைத் தருகிறது. லேன் கம்பியில் இணைத்த கம்ப்யூட்டரில், இரண்டு வாரத்துக்குள் மூன்று வெவ்வேறு நாட்களில், நாளுக்குப் பத்து வீதம் முப்பது அளவீடு எடுக்க வேண்டும். விவரத் தாளில் உள்ள எண்களை விட வேகம் தெளிவாகக் குறைந்திருந்தால் செயலியே அதைப் பதிவாகத் தரும். 2021 டிசம்பர் முதல் அந்தப் பதிவைக் காட்டி மாதக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது ஒப்பந்தத்தை இடையிலேயே முடித்துக்கொள்ளலாம். கேபிள் வாடிக்கையாளர்கள் இந்த அளவீடுகளில் பாதியையாவது மாலை ஏழிலிருந்து பத்துக்குள் எடுப்பது நல்லது. செக்மென்டின் நெரிசல் அப்போதுதான் எண்ணில் தெரியும்.